கேஸ் ஹீட்டர் இணைப்பு: 'ஒரு குழாய்தானே' என்று ஏன் விடக்கூடாது?

பூன் லேயில் ஒரு வீவக வீடு. புதுப்பிப்பு வேலை முடியும் தறுவாயில் இருக்கிறது. அப்பா இணையத்தில் ஒரு கேஸ் ஹீட்டரைப் பார்த்து வைத்திருக்கிறார். விலை குறைவு, படத்தில் பளபளப்பு. "ஒரு குழாய்தானே, நம்ம பக்கத்து புளோக் அங்கிள் மாட்டிக் கொடுத்துடுவார். அடுப்புக்கு அவர்தானே மாட்டினாரு?" என்கிறார். அம்மாவுக்குக் கொஞ்சம் தயக்கம். கடைசியில் கைப்பேசி உங்கள் கைக்கு வருகிறது. "நீதான் இங்கிலீஷ் படிப்பியே, என்ன போட்டிருக்குன்னு பாரு."

இது உங்கள் வீட்டில் நடந்ததாக இருக்காது. ஆனால் எங்கோ கேட்ட மாதிரி இருக்கும்.

அங்கிள் கெட்டிக்காரராகவே இருக்கலாம். ஆனால் எரிவாயு விபத்துகளின் வரலாற்றைப் புரட்டினால் ஒன்று திரும்பத் திரும்ப வருகிறது. தெருவுக்கு அடியில் ஓடும் பெரிய குழாயிலோ விலையுயர்ந்த கருவியிலோ அல்லாமல், இரண்டையும் சேர்க்கும் கடைசி ஒரு மீட்டரில்தான் பல விபத்துகள் தொடங்கியிருக்கின்றன. ஒரு மரை, ஒரு ரப்பர் குழாய், ஒரு ரெகுலேட்டர், ஒரு மூடிய ஜன்னல். அந்த ஒரு மீட்டரைப் பற்றியதுதான் இந்த விளக்கம்.

சிங்கப்பூரில் 'கேஸ் ஹீட்டர்' என்றால் எது?

குளிர்நாடுகளில் கேஸ் ஹீட்டர் என்றால் அறையைச் சூடாக்கும் கருவி. நமக்கு அது தேவையில்லை. இங்கே கேஸ் ஹீட்டர் என்றால் குளிக்க வெந்நீர் தரும் கருவி. பெரும்பாலான வீடுகளில் மின்சார ஹீட்டர்தான் இருக்கிறது. ஆனாலும் ஒரே நேரத்தில் இரண்டு குளியலறைகளுக்கு வெந்நீர் வேண்டும் என்பவர்கள், தண்ணீர் வேகமாக வர வேண்டும் என்பவர்கள் எரிவாயு ஹீட்டரை விரும்புகிறார்கள்.

இது எவ்வளவு எரிவாயு எரிக்கும் தெரியுமா? சமையல் அடுப்பின் பெரிய பர்னர் ஒன்று ஏறக்குறைய 4 கிலோவாட். குளியலறையில் மாட்டும் உடனடி மின்சார ஹீட்டர் 3 கிலோவாட்டுக்குச் சற்று மேல். நிமிடத்துக்கு 10 லிட்டர் வெந்நீர் தரும் கேஸ் ஹீட்டரோ 20 கிலோவாட் அளவுக்கு எரிக்கும். அதாவது அடுப்புப் பர்னரைப் போல ஐந்து மடங்கு.

"அடுப்புக்கு மாட்டத் தெரிந்தவருக்கு ஹீட்டருக்கும் மாட்டத் தெரியும்" என்ற கணக்கு முதலில் தவறுவது இங்கேதான். ஐந்து மடங்கு எரிவாயு போக வேண்டுமென்றால் குழாயின் விட்டம் போதுமா, நீளம் அதிகமாகி அழுத்தம் குறைகிறதா, ஹீட்டரும் அடுப்பும் சேர்ந்து எரியும்போது இரண்டுக்கும் போதுமான வாயு வருமா என்றெல்லாம் கணக்குப் போட வேண்டும். போடாவிட்டால் ஹீட்டரைத் திறந்தவுடன் அடுப்புச் சுடர் சுருங்கும். அணையவும் அணையலாம்.

உங்கள் வீட்டில் வருவது எந்த வாயு?

'கேஸ்' என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். சிங்கப்பூர் வீடுகளுக்கு வருவது இரண்டு வகை.

முதலாவது, குழாயில் வரும் டவுன் கேஸ். இதைத் தயாரித்து வீடுகளுக்கு விற்பது சிட்டி எனர்ஜி. 2021 வரை அதன் பெயர் சிட்டி கேஸ். இந்த எரிவாயு செனோக்கோவில் இயற்கை எரிவாயுவிலிருந்து தயாராகிறது. அதற்கு முன் நீண்ட காலம் காலாங் எரிவாயு ஆலைதான் நகரத்துக்குக் கேஸ் தந்தது. 1862இல் தெருவிளக்குகளுக்காகத் தொடங்கிய அந்த ஆலை 1998இல் மூடப்பட்டது. டவுன் கேஸில் ஏறக்குறைய பாதி ஹைட்ரஜன். மீத்தேனும், சிறிய பங்கு கார்பன் மோனாக்சைடும் உண்டு. இது காற்றைவிட லேசானது. கசிந்தால் மேலே ஏறும்.

இரண்டாவது, சிலிண்டரில் வரும் எல்பிஜி. புரோப்பேன், பியூட்டேன் இரண்டின் கலவை. அழுத்தத்தால் திரவமாக அடைத்துவைக்கப்படுகிறது. வெளியே வந்தால் ஏறக்குறைய 250 மடங்கு விரியும். புரோப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், பியூட்டேன் இரண்டு மடங்கு. கசிந்தால் மேலே போகாது. தரையோடு பரவும், வடிகால் வாயிலும் அலமாரிக்கு அடியிலும் போய்த் தேங்கும். காற்றில் இரண்டு விழுக்காடு அளவுக்குச் சேர்ந்தாலே தீப்பிடிக்கப் போதும்.

வாசனை? இரண்டுக்குமே இயல்பில் நமக்குப் பழக்கமான அந்த நாற்றம் கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்றுதான் கந்தகம் கலந்த ஒரு பொருளைச் சேர்க்கிறார்கள்.

வாயு மாறினால் என்ன ஆகும்?

ஒரே அளவு கனமீட்டரில் எல்பிஜியின் வெப்ப ஆற்றல் டவுன் கேஸைப் போலப் பல மடங்கு. அதனால் டவுன் கேஸ் ஹீட்டரில் வாயு வெளிவரும் துளை பெரியது. எல்பிஜி ஹீட்டரில் ஊசித்துளை மாதிரி சிறியது.

இப்போது இணையத்தில் வாங்கிய அந்த ஹீட்டரைப் பாருங்கள். அது எல்பிஜிக்குச் செய்தது, வீட்டிலோ டவுன் கேஸ் என்று வைத்துக்கொள்வோம். சுடர் சோம்பலாக எரியும், தண்ணீர் சூடாகாது. டவுன் கேஸில் ஹைட்ரஜன் அதிகம் என்பதால் சுடர் வேகமாகப் பின்னோக்கி ஓடி பர்னருக்குள்ளேயே எரியவும் வாய்ப்புண்டு. மறுபக்கம், டவுன் கேஸ் ஹீட்டரை எல்பிஜி சிலிண்டரில் மாட்டினால் பெரிய துளை வழியே அளவுக்கு மீறிய எரிபொருள் பாயும். சுடர் மஞ்சளாக நீளும், கரி படியும், சரியாக எரியாத வாயு கார்பன் மோனாக்சைடாக வெளியேறும்.

"துளையை மட்டும் மாத்திட்டா போதும்" என்று சொல்பவர்கள் உண்டு. போதாது. துளை, பர்னர், அழுத்தம், கட்டுப்பாட்டு வால்வு எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். கருவியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் தகட்டில் எந்த வாயுவுக்கானது என்று எழுதியிருக்கும். வேறு நாட்டுச் சந்தைக்குச் செய்த ஹீட்டரில் இயற்கை எரிவாயு என்று எழுதியிருக்கலாம். அது டவுன் கேஸும் அல்ல, எல்பிஜியும் அல்ல. காசு கொடுக்கும் முன் பார்க்க வேண்டிய முதல் வரி அதுதான்.

ஒரு மரை, ஒரு கட்டடம்: லண்டன் 1968

எரிவாயு இணைப்பைப் பற்றிப் பேசும்போது பொறியாளர்கள் இன்றும் குறிப்பிடும் பெயர் ரோனன் பாயின்ட். கிழக்கு லண்டனின் கேனிங் டவுன் பகுதியில் இருந்த 22 மாடி அடுக்குமாடி வீடு. திறந்து இரண்டு மாதங்கள்தான் ஆகியிருந்தன. 1968 மே 16, அதிகாலை 5.45 மணி அளவில், 18ஆவது மாடியில் குடியிருந்த பெண் ஒருவர் தேநீர் போடத் தீக்குச்சியை உரசினார். வெடித்தது.

வெடிப்பில் வெளிச்சுவர்கள் பிய்த்துக்கொண்டு போயின. மேல் மாடிகளைத் தாங்க ஆளில்லை. மேலே இருந்தவை கீழே விழ, அந்த எடையில் கீழே இருந்தவையும் சரிய, கட்டடத்தின் ஒரு மூலை முழுவதும் சீட்டுக்கட்டு மாதிரி இறங்கியது. 4 பேர் உயிரிழந்தனர், 17 பேர் காயமடைந்தனர். தீக்குச்சி உரசியவர் உயிர் தப்பினார்.

கட்டடம் ஏன் அப்படிச் சரிந்தது என்ற கேள்வி பிரிட்டனின் கட்டட விதிகளையே மாற்றியது. நமக்கு வேண்டியது இன்னொரு கேள்வி. எரிவாயு எங்கிருந்து கசிந்தது?

அடுப்புக்குப் போகும் வளையும் குழாயை எரிவாயுக் குழாயோடு சேர்த்த பித்தளை மரையிலிருந்து. தரத்துக்குக் குறைந்த மரை அது. அதன் விளிம்பு இருக்க வேண்டிய தடிமனில் இல்லை. உடைந்துவிட்டது. அந்த அடுப்பை மாட்டிக்கொடுத்தது ஒரு நண்பர்.

இந்தக் கதையில் கெட்டவர் யாருமில்லை. நண்பர் உதவிக்கு வந்தார். அந்தப் பெண் தேநீர் போட எழுந்தார். மரை வெளியே பார்க்க மரை மாதிரிதான் இருந்தது. தரம் குறைந்த பாகத்தைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது என்பதுதான் பிரச்சினை. அதனால்தான் இன்று பாகத்துக்கு ஒரு தரம், மாட்டுபவருக்கு ஓர் உரிமம், மாட்டியபின் ஒரு சோதனை என்று மூன்று வேலிகள் போடப்பட்டிருக்கின்றன. ஒரு வேலியைத் தாண்டிவந்த தவற்றை அடுத்த வேலி பிடிக்கும். 'அங்கிள் மாட்டிடுவாரு' என்று விட்டால் மூன்று வேலியையும் ஒரே நேரத்தில் கழற்றிவிடுகிறோம்.

இலங்கை 2021: எதையும் மாற்றாத வீடுகளில் ஏன் கசிந்தது?

2021 நவம்பர். இலங்கையில் ஒன்றன்பின் ஒன்றாக வீட்டுச் சமையலறைகளில் எரிவாயு வெடிப்புச் செய்திகள். அடுப்பின் கண்ணாடி சிதறியது, ரெகுலேட்டரில் தீப்பிடித்தது, குழாய் வெடித்தது. மக்கள் சிலிண்டரை வீட்டுக்கு வெளியே கொண்டுபோய் வைத்தார்கள். சிலர் விறகடுப்புக்கே திரும்பினார்கள். அதிபர் ஒரு விசாரணைக் குழுவை அமைத்தார். சிலிண்டருக்குள் இருந்த புரோப்பேன், பியூட்டேன் விகிதம் மாற்றப்பட்டதுதான் முக்கியக் காரணம் என்று டிசம்பரில் அந்தக் குழு கூறியது.

விகிதம் மாறினால் என்ன? புரோப்பேன் கூடினால் சிலிண்டரின் அழுத்தம் கூடும். வீட்டில் இருப்பதோ பல ஆண்டு ஓடிய ரெகுலேட்டர், வெயிலில் காய்ந்து விறைத்த ரப்பர் குழாய், தளர்ந்துபோன கிளிப். பழைய அழுத்தத்துக்கு எப்படியோ ஈடுகொடுத்துக்கொண்டிருந்த இணைப்பு புதிய அழுத்தத்தில் விட்டுக்கொடுத்தது.

தவறு வீட்டுக்காரர்களுடையது அல்ல. கலவையை மாற்றும்போது அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஆனால் அடி விழுந்த இடம் அந்தக் கடைசி ஒரு மீட்டர்தான். "பத்து வருஷமா இதே குழாய்தான், ஒண்ணும் ஆகல" என்பது பாதுகாப்புக்கான சான்று இல்லை என்பதை இலங்கை காட்டியது. இதுவரை தாங்கியது என்பதற்கு மட்டும்தான் அது சான்று.

இணைப்பு சரியாக இருந்தும் ஆபத்தா?

ஆம். கசிவு இல்லாமலேயே உயிர் போகும் வழி ஒன்று உண்டு.

2020 ஜனவரியில் கேரளாவிலிருந்து நேப்பாளத்துக்குச் சுற்றுலா போன குழு ஒன்று டாமன் என்ற மலைப்பகுதியில் தங்கியது. கடுங்குளிர். ஒரே அறையில் எட்டுப் பேர் படுத்தார்கள். கேஸ் ஹீட்டரை எரியவிட்டு, கதவு ஜன்னலைத் தாழிட்டுத் தூங்கினார்கள். காலையில் யாரும் கதவைத் திறக்கவில்லை. எட்டுப் பேரும் உயிரிழந்தனர். அவர்களில் நால்வர் குழந்தைகள்.

அங்கே வெடிப்பும் இல்லை, தீயும் இல்லை. எரிவதற்கு ஆக்ஸிஜன் வேண்டும். மூடிய அறையில் அது குறையக் குறைய, சுடர் முழுமையாக எரியாமல் கார்பன் மோனாக்சைடை வெளியிடும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. நம் ரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் அதிக இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தூக்கத்தில் இருப்பவருக்கு எழுந்திருக்கவும் தோன்றாது.

"நம்ம ஊர்ல குளிரே இல்லையே" என்று கேட்கலாம். கணக்கைப் பாருங்கள். 20 கிலோவாட் ஹீட்டர் ஒன்று எரிய மணிக்கு ஏறக்குறைய 20 கனமீட்டர் காற்று வேண்டும். ஒரு சிறிய குளியலறையில் இருக்கும் மொத்தக் காற்று 9 கனமீட்டர்கூடத் தேறாது. அரை மணி நேரத்துக்கான காற்று அவ்வளவுதான். சுடர் கெட்டுப்போக அவ்வளவு நேரம்கூட ஆகாது. இந்தியாவில் குளிர்காலம் தோறும் குளியலறைக்குள் மாட்டிய கேஸ் கீசரால் வரும் மரணச் செய்திகளுக்குக் காரணம் இதுதான்.

சிங்கப்பூரில் இந்த ஹீட்டர்கள் பொதுவாக மாட்டப்படும் இடம் துணி காயப்போடும் சர்வீஸ் யார்டு. காற்றோட்டம் இருக்கும் என்பதால்தான். ஆனால் மழைச்சாரல் அடிக்கிறது என்று நாம் என்ன செய்கிறோம்? யார்டுக்கு ஜன்னல் போட்டு முழுசா மூடுகிறோம். ஹீட்டரை மறைக்க அழகாக ஒரு அலமாரி செய்கிறோம். புகை வெளியேறும் வாய்க்கு முன்னால் துணி தொங்கவிடுகிறோம். மாட்டிய அன்று பாதுகாப்பாக இருந்த ஹீட்டர், புதுப்பிப்புக் குத்தகையாளர் வந்துபோன பிறகு ஆபத்தாகிவிடுகிறது. யார்டில் ஜன்னல் போடும் திட்டம் இருந்தால் ஹீட்டர் மாட்ட வருபவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். ஹீட்டரின் வகையும் புகைக்குழாய் போகும் வழியும் அதைப் பொறுத்தே முடிவாகும்.

வெந்நீர் ஓடும்போது தலைவலி, தலைசுற்றல், குமட்டல் வந்து, வெளியே போனால் சரியாகிவிடுகிறதா? வீட்டில் ஒருவருக்கு மேற்பட்டோருக்கு ஒரே நேரத்தில் வருகிறதா? சளிக்காய்ச்சல் என்று விட வேண்டாம். ஹீட்டரை நிறுத்திவிட்டு எல்லாரும் வெளியே வந்து உதவி கேளுங்கள்.

சட்டப்படி யார் மாட்டலாம்?

சிங்கப்பூரில் எரிவாயுச் சட்டத்தின் கீழ் இந்தத் துறையைக் கண்காணிப்பது எரிசக்திச் சந்தை ஆணையம். குழாய் எரிவாயு உள்ள வீட்டில் எரிவாயுக் குழாய் பதிப்பது, மாற்றுவது, பழுதுபார்ப்பது ஆகிய வேலைகளை ஆணையத்தின் உரிமம் பெற்ற எரிவாயுச் சேவை ஊழியர்தான் செய்ய வேண்டும். வேலை எப்படி நடக்க வேண்டும் என்பதற்கு எஸ்எஸ் 608 என்ற சிங்கப்பூர்த் தர விதித்தொகுப்பு இருக்கிறது.

குத்தகையாளர் வேறு, இந்த ஊழியர் வேறு. ஓடு போடுபவரும் அலமாரி செய்பவரும் குழாயைக் கொஞ்சம் 'நகர்த்தி' வைக்கக் கூடாது. ஹீட்டரின் தண்ணீர்ப் பக்க இணைப்புக்குப் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் உரிமம் பெற்ற குழாய்ப் பணியாளர் வேண்டும். ஒருவரே இரண்டு உரிமமும் வைத்திருக்கலாம். இல்லையென்றால் இரண்டு பேர் வர வேண்டும். தண்ணீர் உரிமம் இருப்பதால் எரிவாயுவையும் தொடலாம் என்று பொருளில்லை.

பலருக்குத் தெரியாத ஒன்று: மீட்டர் வரைதான் எரிவாயுக் கட்டமைப்பின் பொறுப்பு. மீட்டரைத் தாண்டி வீட்டுக்குள் வரும் குழாய் வீட்டு உரிமையாளரின் பொறுப்பு. அந்தக் கடைசி ஒரு மீட்டர் சட்டப்படியும் நம்முடையதுதான்.

வேலை நடக்கும்போது நீங்கள் கேட்கக்கூடியவை

மேற்பார்வையாளர் ஆக வேண்டாம். ஆனால் நான்கு விஷயங்களைக் கேட்பதில் தவறில்லை. நல்ல ஊழியர் சங்கடப்பட மாட்டார்.

ஒன்று, உரிமம். "அண்ணே, லைசென்ஸ் கொஞ்சம் பார்க்கலாமா?" ஆணையத்தின் இணையத்தளத்தில் உரிமம் பெற்றவர்களின் பெயரைத் தேடிப் பார்க்கலாம். மாட்டும் நாளன்று கேட்பதைவிட விலை பேசும்போதே கேட்பது இரண்டு பேருக்கும் எளிது.

இரண்டு, வாயுவின் வகை. கருவித் தகட்டில் இருப்பதும் வீட்டில் வருவதும் ஒன்றுதானா என்று இருவருமாகப் பாருங்கள்.

மூன்று, குழாய். ஹீட்டர் ஓரிடத்தில் நிலையாக இருக்கும் கருவி. அதற்கு உலோகக் குழாய்தான் சரி. அடுப்புக்குப் போடும் ரப்பர் குழாயை நீட்டி ஹீட்டருக்குக் கொடுப்பதும், 'டி' போட்டுப் பிரிப்பதும் ஏற்றதல்ல. தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றும் மெல்லிய வெள்ளை டேப்பும் எரிவாயுக்கானது அல்ல. எரிவாயுக்கென்றே தடிமனான டேப்பும் பசையும் இருக்கின்றன. ஹீட்டருக்கு அருகில் தனியாக ஒரு வால்வும் இருக்க வேண்டும். அவசரத்தில் மூட அது கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும், அலமாரிக்குப் பின்னால் அல்ல.

நான்கு, சோதனை. மாட்டி முடித்ததும் குழாயில் அழுத்தம் ஏற்றி, அளவியில் அது இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். "சோப்பு நுரை போட்டுப் பார்த்தாச்சு" என்பது நல்லதுதான், ஆனால் நுரை போட்ட இடத்தில் மட்டும்தான் அது காட்டும். அழுத்தச் சோதனை முழுக் குழாயையும் காட்டும். பிறகு ஹீட்டரை எரியவிட்டு, நீலச் சுடரா, புகை சரியாக வெளியேறுகிறதா, அடுப்பும் சேர்ந்து எரியும்போது எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். தீக்குச்சியால் கசிவு தேடுபவர் யாராக இருந்தாலும் அந்த நிமிடமே வேலையை நிறுத்தச் சொல்லுங்கள்.

சிலிண்டர் வீடுகளுக்கு

குழாய் எரிவாயு இல்லாத பழைய வீடுகளிலும், சிலிண்டரே போதும் என்று இருப்பவர்கள் வீட்டிலும் கணக்கு சற்று மாறுகிறது. சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தம், கருவிக்குத் தேவையானதைப் போல நூறு மடங்கு அளவில் இருக்கும். அதைக் குறைத்துத் தருவது உள்ளங்கை அளவு ரெகுலேட்டர் ஒன்றுதான். அது பழுதானால் நடுவில் வேறு தடுப்பு இல்லை.

எரிவாயு அடுப்பும் எல்பிஜி அமைப்புகளும் சிங்கப்பூரில் கட்டுப்படுத்தப்படும் 33 வகை வீட்டுப் பொருள்களில் அடங்கும். பாதுகாப்பு முத்திரை இருப்பதைத்தான் விற்க வேண்டும். வெளியூரிலிருந்து பெட்டியில் கொண்டுவந்த ரெகுலேட்டர் இங்குள்ள சிலிண்டர் வால்வுக்குப் பொருந்துகிற மாதிரி தெரிந்தாலும் மாட்ட வேண்டாம்.

ரப்பர் குழாயை 2 ஆண்டுக்கு ஒருமுறை, ரெகுலேட்டரை 5 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது இங்கே பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. மாற்றிய தேதியை ஒரு ஸ்டிக்கரில் எழுதி சிலிண்டருக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டிவிடுங்கள், யாரும் ஞாபகம் வைத்திருக்க வேண்டியதில்லை. குழாயை லேசாக வளைத்துப் பாருங்கள். வெடிப்புத் தெரிந்தால், பிசுபிசுத்தால், விறைத்திருந்தால் தேதி பார்க்கக் காத்திருக்க வேண்டாம்.

வீட்டில் உரிமமின்றி வைத்திருக்கக்கூடியது மொத்தம் 30 கிலோ எல்பிஜி வரைதான். நடைமுறையில் இரண்டு சிலிண்டர். தீபாவளிப் பலகாரத்துக்கு என்று மூன்றாவதை வாங்கி அடுக்கக் கூடாது. சிலிண்டர் நிமிர்ந்து நிற்க வேண்டும், காற்றோட்டம் வேண்டும். வடிகால் வாய்க்குப் பக்கத்தில் வேண்டாம். எல்பிஜி தரையோடு ஓடும் என்பதை மறக்காதீர்கள்.

நாற்றம் வந்தால்?

முதலில், செய்யக் கூடாதவை. விளக்கு, மின்விசிறிச் சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். இரண்டிலும் பொறி வரும். அழைப்புமணியை அழுத்த வேண்டாம், பக்கத்து வீட்டுக் கதவைக் கையால் தட்டுங்கள். வீட்டுக்குள் நின்று கைப்பேசியில் பேச வேண்டாம்.

பிறகு, செய்ய வேண்டியவை. சுடரை அணையுங்கள். கதவு ஜன்னலைத் திறங்கள். மீட்டருக்கு அருகில் உள்ள வால்வை மூடுங்கள். கைப்பிடி குழாயின் திசையிலேயே இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்காக இருந்தால் மூடியிருக்கிறது. சிலிண்டராக இருந்தால் ரெகுலேட்டரை மூடுங்கள். எல்லாரையும் கூட்டிக்கொண்டு வெளியே வாருங்கள்.

வெளியே வந்ததும் அழையுங்கள். குழாய் எரிவாயுக் கசிவுக்கு எஸ்பி குழுமத்தின் 24 மணி நேர எண் 1800 752 1800. தீ பிடித்திருந்தால், யாராவது மயங்கியிருந்தால் குடிமைத் தற்காப்புப் படையின் 995. வால்வை மூடியதும் நாற்றம் போய்விட்டது என்று நீங்களே திரும்பத் திறக்காதீர்கள். அது கசிவு சரியானதற்கான அடையாளம் அல்ல.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்வது?

பூன் லே, ஜூரோங் வெஸ்ட் பக்கம் அறை எடுத்துத் தங்கும் பலருக்கு இது இன்னும் சிக்கல். ஹீட்டர் வீட்டு உரிமையாளருடையது, குளிப்பது நீங்கள். 'பழசா இருக்கு' என்று சொன்னால் வாடகை கூடுமோ என்ற பயமும் உண்டு.

குடியேறும் முன்பே கேட்டுவிடுவது நல்லது. எந்த வாயு, எப்போது மாட்டியது, கடைசியாக யார் பார்த்தார்கள் என்று கேளுங்கள். வால்வு எங்கே இருக்கிறது என்று முதல் நாளே பார்த்துவையுங்கள், அறைத் தோழர்களுக்கும் காட்டுங்கள். சுடர் மஞ்சளாக எரிகிறது, சுவரில் கரி படிகிறது, எரியத் தொடங்கும்போது 'டப்'பென்று சத்தம் வருகிறது என்றால் படம் எடுத்து உரிமையாளருக்கு எழுத்தில் அனுப்புங்கள். சரியாகும் வரை ஹீட்டரைத் தொடாதீர்கள். நம் ஊர் வெயிலுக்குப் பச்சைத் தண்ணீரில் குளித்தால் ஒன்றும் ஆகிவிடாது.

அப்பாவிடம் என்ன சொல்வது?

உரிமம் பெற்றவரைக் கூப்பிட்டால் செலவு கூடும். அது உண்மை. பக்கத்து புளோக் அங்கிள் வேண்டாம் என்றால் அவருக்கு மனவருத்தம் வருமே என்ற சங்கடமும் உண்மை. நம் வீடுகளில் காசைவிட அதுதான் பல நேரம் பெரிய விஷயம்.

அங்கிளின் கைத்திறமையைப் பற்றி வாக்குவாதம் செய்யத் தேவையில்லை. ரோனன் பாயின்ட்டில் உடைந்தது ஒருவரின் நட்பு அல்ல, யாரும் சோதிக்காத ஒரு மரை. "அங்கிள் நல்லா செய்வாருப்பா, ஆனா செஞ்சு முடிச்சதும் அழுத்தம் போட்டுச் சோதிக்க அவர்கிட்ட கருவி இல்ல, லைசென்ஸும் இல்ல. ஏதாவது ஆச்சுன்னா நம்மோட அவரும் மாட்டிக்குவாரு" என்று சொல்லிப் பாருங்கள். அடுக்குமாடியில் நம் சுவருக்கு அந்தப் பக்கமும் ஒரு குடும்பம் தூங்குகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கருவித் தகட்டில் இருக்கும் ஆங்கில வரியை வீட்டில் படிக்கக்கூடிய ஆள் பல நேரம் நீங்கள்தான். வாங்கும் முன்பே அதைப் படித்துவிடுங்கள்.